லேபிள் இல்லாத பாட்டில்

ஜனவரி 12

அன்பு மூக்கிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியும் விட்டேன், அப்படியே வைத்துக்கொள். உன் இருமல் விட்டதா? அந்தப் பொடி நெடியில் முகமூடியை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை வழக்கம்போல மோவாயில் மாட்டிக்கொண்டு திரிகிறாயா?

என்னடா இது, அண்ணி கடிதம் எழுதுகிறாளே என்று முதலில் உறையை முகர்ந்து பார்த்திருப்பாய். உன் அண்ணன் சும்மாவா உனக்கு மூக்கி என்று பெயர் வைத்தார்! கடிதத்துக்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும். மெசேஜ் போட்டால் எனக்கு முன்னால் என் மகள் படிப்பாள். எங்கள் வீட்டில் போன் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குச் சொந்தம். அதனால் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கு அனுப்பு. தபால்காரர் நேராக என் கவுண்டரில் வந்து போட்டுவிடுவார்.

விஷயம் உன் அண்ணனைப் பற்றியது. குடி கொஞ்சம் கூடியிருக்கிறது. பயப்படாதே, தெருவில் விழுந்து கிடக்கிற அளவுக்கு இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், சிரிக்கிறார், யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஆனால்தான் தொல்லை. உங்கள் தொழிற்சாலையில் ஏதோ ஒரு கொடியின் வேர்ச் சாரத்தைக் கேப்சூலில் அடைக்கிறீர்கள், அதைச் சாப்பிட்டால் குடிக்கிற ஆசை குறையும் என்று போன தடவை வந்தபோது சொன்னாயே, அதில் ஒரு பாட்டில் வேண்டும். லேபிளை எடுத்துவிட்டு அனுப்பு. லேபிளைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணனிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டால் நான் உன்னோடு பேசமாட்டேன், அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இல்லாவிட்டால் அங்கே வந்து உதைப்பேன்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். என் இருமலும் என்னோடு நலமாக இருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? தினசரி மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? மார்பில் கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறதே, இந்த வருடப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்களா? முதலில் இதற்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்.

உறையை முகர்ந்தது உண்மைதான். சலவைக் கடை ஸ்பிரிட் வாசனை வந்தது, வேறொன்றும் இல்லை.

அண்ணனா குடிக்கிறார்? எனக்கு நம்ப முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்கு இங்கே சம்பளமே. மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் சோதனைப் பிரிவில் வேலையைத் தொடங்குவோம். அதனால் கேட்கிறேன். எப்போதிலிருந்து? எவ்வளவு? வீட்டிலா, வெளியிலா? லிஃப்ட் மாட்டுகிறவர், அத்தனை மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், அப்படியேவா வேலைக்குப் போகிறார்? நினைத்தாலே எனக்குக் கால் கூசுகிறது.

நீங்கள் கேட்டது குட்ஸு வேர்ச் சாரம். அந்தக் கொடி அசையாமல் நிற்கிற எதன் மேலும் ஏறி மூடிவிடும். மண்ணுக்குள் இருக்கிற வேர் ஆள் தொடை பருமன் இருக்கும். அதைச் சாப்பிட்டவர்கள் ஒரு வேளைக்குக் குடிக்கிற அளவு குறைந்தது என்று சில சிறிய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. குடியை அறவே மறக்கடிக்கும் என்று யாராவது சொன்னால் அவர் விற்பனைப் பிரிவு என்று அர்த்தம்.

அண்ணனுக்குத் தெரியாமல் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன், நீங்கள் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். பொடி எழுத்தில் ஏகப்பட்ட எச்சரிக்கை போட்டிருந்தது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஜாக்கிரதை என்பது ஒன்றுதான் அண்ணனுக்குப் பொருந்தும், அவருக்கும் சர்க்கரை கிடையாது. மற்றதெல்லாம் பெண்களுக்குச் சொன்னது, அவருக்கு எதற்கு?

என் கேள்விகளுக்குப் பதில் வரவேண்டும். மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள்,
மூக்கி


பிப்ரவரி 15

அன்பு மூக்கிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று உன் கேள்விகளின் வேகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள், தப்பித்தவறி மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டாய்.

பாட்டில் வந்து சேர்ந்தது. சொன்னால் நம்ப மாட்டாய், வேலை செய்கிறது! முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் முதல் கிளாஸ் பாதியிலேயே நின்றது. முன்பெல்லாம் முதல் கிளாஸ் கையில் இருக்கும்போதே மனசு இரண்டாவதற்குப் போய்விடும். இப்போது இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் எழுந்துபோய்த் துணி மடிக்கலாம், மகளிடம் வீட்டுப்பாடம் கேட்கலாம். பாதி கிளாஸைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. உன் அண்ணன் முகத்தில் தெளிவு வந்திருக்கிறது.

வீட்டில்தான், வெளியே இல்லை. வேலை நேரத்தில் தொடுவது கிடையாது, அதனால் நீ கால் கூச வேண்டாம். போதுமா, இன்ஸ்பெக்டரம்மா?

இந்தப் பாட்டில் தீர்வதற்குள் அடுத்ததை அனுப்பிவிடு. நடுவில் விட்டுப்போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

உன் உடம்பைக் கவனி. என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. அங்கே வழக்கம்போலவா என்று எனக்குச் சந்தேகம். பரிசோதனையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் போலீஸ் என்று கேலி செய்துவிட்டு நழுவிவிட்டீர்கள். எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டதற்கும் பதில் இல்லை. இந்த வித்தையெல்லாம் எங்களுக்குச் சரக்கு விற்க வருகிறவர்களிடம் தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இரண்டு கிளாஸுக்கு நடுவில் இடம் கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வருவதே அபூர்வம். அவரா இப்படி வர்ணித்தார்? சத்து மாத்திரை என்று நம்பிச் சாப்பிடுகிறவர் இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறார்? உண்மையைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள், அப்படித்தானே? சொன்னால் நல்லதுதான். என்னிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

போன வாரம் அண்ணனுக்குப் போன் செய்தேன். சத்தியமாக அதைப் பற்றிப் பேசவில்லை. குரல் குழறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதோடு சரி. "என்ன மூக்கி, லைன்ல இருக்கியா? சத்தமே காணோம்"னு அவர்தான் கேட்டார். குரல் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேயும் ஒரு நடிப்பு நடக்கிறது. கொள்முதல் பிரிவில் ஒருவர் இருக்கிறார், தேன்வாய் என்று பட்டப்பெயர். புதிதாக ஒரு வியாபாரியிடமிருந்து குட்ஸு சாரம் வாங்கியிருக்கிறார். கூட வந்த சான்றிதழில் ஒரு குறை இல்லை. அப்படிக் குறையே இல்லாத சான்றிதழைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சோதனைக்கு வேண்டிய ரசாயனம் வரத் தாமதமாகிறது. அதுவரை சான்றிதழை நம்பிக் கேப்சூலில் அடைக்க அனுமதித்துவிட்டார்கள், கடைக்கு மட்டும் இன்னும் அனுப்பவில்லை. பழைய சரக்கு கைவசம் இல்லாததால் இந்தப் புதியதில்தான் உங்களுக்கு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். லேபிள் இல்லாமல்தான்.

உங்கள் உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்பதையாவது விவரமாக எழுதுங்கள்.

உங்கள்,
மூக்கி


மார்ச் 30

மூக்கிக்கு,

நலம்.

நீ என்ன அனுப்பினாய்? முதல் பாட்டில் மாதிரி இது இல்லவே இல்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன், ஒரு வேளைக்கு இரண்டு மடங்காகவும் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீரை விழுங்கினதுபோல இருக்கிறது. நடுவில் கிடைத்த அந்த இடம் போய்விட்டது. இப்போது முன்பைவிட அதிகம்.

நேற்று சாயங்காலம் உன் அண்ணன் சோபாவில் உட்கார்ந்து, இன்று தொடமாட்டேன் என்று தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு இருந்தார். கை நடுங்கியது. மகள் பக்கத்து அறையிலிருந்து என்னவோ கேட்டாள், பதில் சொல்ல வாய் வரவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். பிறகு எழுந்துபோய்க் குடித்தார். குடித்த பிறகுதான் கை நின்றது. அவரைத் திட்டாதே மூக்கி. விட வேண்டும் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரியும்.

முதலில் அனுப்பியதே வேண்டும். எங்கிருந்தாவது தேடி எடுத்து அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களை அந்தப் பாடு படுத்தியது நான் அனுப்பிய பாட்டில்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மேலதிகாரியிடம் போய் நின்றேன். "இந்தச் சரக்கு மேல சந்தேகமா இருக்கு, சோதிச்சே ஆகணும்"னேன். "என்ன ஆதாரம்?" என்றார். "எங்க வீட்ல சாப்பிட்டவருக்குக் கேக்கல"னு சொல்ல முடியுமா? என் மூக்கு சொல்கிறது என்றேன். சிரித்துவிட்டு, பக்கத்துக் கம்பெனியில் ரசாயனத்தைக் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தார்.

ஒரு கண்ணாடித் தட்டில் சாரத்தைச் சொட்டு வைத்து, திரவத்தில் ஏறவிட்டு, புற ஊதா விளக்கின் அடியில் பார்ப்போம். நல்ல குட்ஸு என்றால் பளிச்சென்று ஒரு நீலக் கோடு எரியும். பழைய சரக்குக்கு எரிந்தது. புதியதற்கு, இருக்கிறதா இல்லையா என்று ஆளுக்கு ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தோம். பிறகு அயோடின் ஒரு சொட்டு விட்டேன், கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. மாவு அண்ணி, வெறும் மாவு! அந்த வேரிலிருந்து மாவும் எடுப்பார்கள். சாரம் என்று சொல்லி அதைக் கட்டிவிட்டார்கள். மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட்டோம். தேன்வாய் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை.

தட்டுக்கு முன்னால் அண்ணன் உடம்பு சொல்லிவிட்டது, பாருங்கள். இவ்வளவு நேர்மையான சோதனை அறிக்கையை நான் இதுவரை படித்ததில்லை. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் தணியவில்லை. நேற்று அவரே போன் செய்தார். "சரி, வேலை இருக்கு, வைக்கிறேன்"னு ஒரே நிமிடத்தில் வைத்துவிட்டேன். உங்களையும் குழந்தையையும் இப்படி வைத்திருக்கிறவரிடம் எனக்கு என்ன பேச்சு?

சோதனைக்கென்று ஒதுக்கியிருந்த பழைய சரக்கில் மீதியைக் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். இது அசல், என் கண்ணால் பார்த்தேன். கை நடுக்கம் இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. அழைத்துப் போங்கள். அப்படியே உங்கள் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு வாருங்கள். இது நான் கேட்பது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை, எண்ணினால் உங்களுக்குத்தான் அவமானம்.

உங்கள்,
மூக்கி


ஏப்ரல் 14

மூக்கி,

நான் நல்லா இருக்கேன் என்று போனில் சொல்லலாம் என்றால் நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் என்ன தப்பு செய்தேன்? பிப்ரவரியில் போன் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தாய். இந்த மாதம் நான் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றாய். அன்று ஞாயிற்றுக்கிழமை.

நான் இப்போது வீட்டில் இல்லை, உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பிப்ரவரி கடைசியில் இந்த ஊருக்கு வந்தோம். புது ஆஸ்பத்திரிக் கட்டடம், ஆறு லிஃப்ட். நடுவில் ஒரு நாள்கூட விடமாட்டேன் என்கிறார்கள். மே முதல் வாரம்தான் வீடு. தங்கும் இடத்தில் உடன் இருக்கிற பயல்கள் சாயங்காலம் பாட்டிலைத் திறந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். போன வருடத்திலிருந்து எங்கள் கம்பெனியில் தினமும் காலையில் வாயில் குழாய் வைத்து ஊதச் சொல்கிறார்கள். வாடை வந்தால் ஏற விடமாட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். உன் அண்ணியிடம் கேள், சொல்வாள்.

அவளைப் பற்றித்தான் கவலை. கிளம்பும் முன்பே சரியாகச் சாப்பிடுவதில்லை. "செக்கப்புக்குப் போவோமா"ன்னா, "கடையில சீசன், அப்புறம் பாத்துக்கலாம்"கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீதான் கூட இருந்தாய். நீ சொன்னால் கேட்பாள். கொஞ்சம் எழுது.

என் மேல் கோபம் என்றால் என்னவென்று சொல்லிவிட்டுக் கோபப்படு.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அண்ணன் எழுதியிருக்கிறார். பிப்ரவரி கடைசியிலிருந்து வெளியூரில் இருக்கிறாராம். குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறதாம். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அண்ணன் சோபாவில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அண்ணனே இல்லை. நீங்களும் மகளும்தான் இருந்தீர்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம், அந்த மனிதரிடம் மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று கோபம். அடுத்த நிமிடமே கோபம் போய், நான் உரித்த லேபிள் ஞாபகம் வந்தது. மூட்டைகளையெல்லாம் சந்தேகப்பட்டேன், தேன்வாயைச் சந்தேகப்பட்டேன், கூடப் பிறந்தவரையே சந்தேகப்பட்டேன். உங்களைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

யார் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். எழுதக் கூச்சமாக இருந்தால் இனிமேலும் 'உன் அண்ணன்' என்றே எழுதுங்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் இதை மட்டும் கேளுங்கள்.

நான் உரித்துப் போட்ட லேபிளில் இருந்த எச்சரிக்கை இதுதான். மார்பில் கட்டி வந்தவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. அந்த வேரில் இருக்கிற பொருள் உடம்புக்குள் போய்ப் பெண் ஹார்மோன் மாதிரியே நடிக்கும். அந்த ஹார்மோனைத் தின்று வளரும் வகைக் கட்டி இது என்று டாக்டர் சொன்னபோது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். தினமும் நீங்கள் போடுகிற மாத்திரையே அந்த ஹார்மோனைத் தடுப்பதற்குத்தான். கெடுதல் செய்துவிடும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, செய்யாது என்றும் யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை அந்த உடம்பில் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் கிடையாது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சாப்பிடப்போவது ஆண்பிள்ளை என்று நினைத்து நானே அந்தக் காகிதத்தை உரித்துக் குப்பையில் போட்டேன்.

அந்த மூன்றாவது பாட்டிலை அண்ணன் இன்றே நிறுத்த வேண்டும். குடியையும் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கை நடுங்குகிறவர்களுக்கு அது ஆபத்து, டாக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும். கேப்சூலையும் சொல்ல வேண்டும், குடியையும் சொல்ல வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள், எனக்கு அவர் மேல் கோபமே இல்லை. அவர் எப்படி இருந்தாலும் எனக்கு வேண்டும்.

உடனே எழுதுங்கள்.

மூக்கி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தால் முதலாளியம்மா எடுத்து, "இப்பதான் வெளிய போனாங்க" என்கிறார். மூன்று தடவையும் அதே வாக்கியம், அதே குரல். நீங்கள் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவது எனக்கு இங்கே தெரிகிறது.

நீங்கள் நிறுத்தவில்லை என்று எனக்குச் சந்தேகம். அது அசல் சரக்கு, நன்றாக வேலை செய்யும். அதனால்தான் பயமாக இருக்கிறது. வெறும் மாவையே மறுபடி அனுப்பியிருக்கலாமே என்று தோன்றுகிறது. மருந்து போலி என்று கண்டுபிடித்தால் சந்தோஷப்படுகிற பிழைப்பு என்னுடையது. அசலை அனுப்பிவிட்டு இப்படித் தூக்கம் கெட்டது இதுதான் முதல் தடவை.

அண்ணன் இந்த வாரம் வீட்டுக்கு வந்திருப்பார். நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்ல வேண்டியதை நான் சொன்னால் ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் ஒரு வரி வராவிட்டால் சொல்லிவிடுவேன். மன்னிக்காவிட்டால் போகிறது, உயிரோடு இருந்து திட்டுங்கள்.

நல்ல பதிலாக வரட்டும். பதிலாவது வரட்டும்.

மூக்கி


மே 16

அன்பு மூக்கிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. கையை ஆட்டியது உண்மைதான்.

நீ சொன்னதை உன் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் பாட்டிலை உடனே விடவில்லை. அதைச் சாப்பிட்டால் கட்டி வருமோ என்று பயம், விட்டால் குடி வருமே என்று பயம். காலையில் கேப்சூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் கிளாஸ் ஒரு பக்கம், உன் கடிதம் ஒரு பக்கம். விழுங்கிவிட்டுத்தான் எழுவார். இப்படி எத்தனையோ நாள் போயிற்று. ஒரு நாள் எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினார். கொட்டிய அன்று சாயங்காலமே குடித்தார். குடித்துவிட்டு, காலியான பாட்டிலைத் தேடி எடுத்து உள்ளே விரலை விட்டு

இதற்கு மேல் அண்ணனை வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. அது நான்தான், மூக்கி. நான்தான் விரலை விட்டுத் துடைத்து நக்கினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மாத்திரை உடம்பைக் கொதிக்க வைத்தது. தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் திரும்ப வந்துவிடுமோ என்ற நினைப்புதான். உன் அண்ணன் வேலைக்காகக் குடியை விட்டபோது மீதியிருந்த பாட்டிலை அலமாரியில் வைத்திருந்தார். தூங்குவதற்கு ஒரு மூடி என்று அதில்தான் ஆரம்பித்தேன். அது தீர்ந்ததும் நானே வாங்கினேன். கடையில் யாரும் வாங்க வராத கோட்டுகள் ஒரு கம்பியில் தொங்கும், அதில் ஒன்றின் உள்பையில் வைத்துக்கொள்வேன். ஸ்பிரிட்டும் கறைநீக்கியும் நாறுகிற கடை. அங்கே வேலை செய்கிறவள் மேல் என்ன வாசனை வந்தாலும் யார் கேட்பார்கள்? உன் மூக்குக்கே தெரியவில்லையே. பரிசோதனைக்குப் போகாததும் அதனால்தான். டாக்டரிடம் கடை வாசனை என்று சாக்கு சொல்ல முடியுமா? வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

உன் அண்ணன் பேரைக் கெடுத்தேன். ஒரு பொம்பளை குடிக்கிறாள் என்று எழுதக் கை வரவில்லை. ஆம்பளை குடிக்கிறார் என்று எழுதினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீ மட்டும்தான் பார்த்தாய்.

அவர் வந்த மறுநாளே என்னைப் பார்த்துவிட்டு, "கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு"ன்னார். "சீசன்"னேன். "கடையக் கொளுத்திடுவேன், கிளம்பு"ன்னார். அந்த மனிதர் அதட்டி நான் பார்த்ததே இல்லை, சம்மதித்துவிட்டேன். டாக்டரிடம் நேரம் கிடைத்து நேற்றுதான் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம்தான் தெரியும். என்ன வருமோ தெரியாது. பயமாக இருக்கிறது என்று இப்போது எழுத முடிகிறது.

டாக்டர் அறைக்குள் நான் மட்டும்தான் போனேன். அவர் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா? குடிப்பழக்கம் ஏதாவது உண்டா?" என்று குனிந்தபடியே கேட்டார். எல்லோரையும் கேட்கிற கேள்விதான். என் வாய் தானாகத் திறந்து, "எங்க வீட்டுக்காரருக்கு..." என்று ஆரம்பித்துவிட்டது. அவர் நிமிர்ந்தார்.

"நான் உங்களத்தாம்மா கேட்டேன்."

"கொஞ்சம் இருங்க டாக்டர்"னு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். உன் அண்ணன் பெஞ்சில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்க. நான் ஒண்ணு சொல்லணும். ரெண்டு தடவ சொல்ல என்னால முடியாது, அவர் கேக்குறப்பவே நீங்களும் கேட்டுருங்க"ன்னேன்.

முடிந்தால் அடுத்த வாரம் வா. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி